குமரி மாவட்டத்தில் எம்.எல்.ஏ. ஆக நினைப்பவர்களுக்கு: எங்கே தொடங்குவது, எப்படி வளர்வது

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் கடைசி ஆறு நம்முடையவை. 229 கன்னியாகுமரி, 230 நாகர்கோவில், 231 குளச்சல், 232 பத்மநாபபுரம், 233 விளவங்கோடு, 234 கிள்ளியூர். ஆறுமே பொதுத் தொகுதிகள். இவற்றில் ஒன்றில் நின்று பார்க்கலாமா என்று மனதுக்குள் ஆசை வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். வக்கீல், ஆசிரியர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர், விசைப்படகு வைத்திருப்பவர், கல்லூரியில் மாணவர் தலைவராக இருந்தவர் என்று பலவிதம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "சீட்டு வாங்க எவ்வளவு ஆகும்?" என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சீட்டு கிடைக்காமல் போவதைவிடப் பெரிய ஆபத்து, வேலை தெரியாமல் சீட்டு கிடைத்துவிடுவது. அந்த ஐந்து வருடம் உங்களுடையது மட்டுமல்ல, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களுடையது. அதனால் வேலையைக் கற்பதிலிருந்து தொடங்குவோம்.

எம்.எல்.ஏ. என்ன செய்கிறார்?

கல்யாணம், அடியந்திரம், கோயில் கொடை, ஆலயத் திருவிழா, கடை திறப்பு. வெளியே தெரிவது இதுதான். இவற்றுக்குப் போகவும் வேண்டும், போகாதவரை ஊர் மன்னிக்காது. ஆனால் சம்பளம் கொடுப்பது இதற்கு அல்ல. சட்டம் இயற்றுவது, அரசு செலவழிக்கும் பணத்துக்கு ஒப்புதல் தருவது, அமைச்சர்களைக் கேள்வி கேட்பது ஆகிய மூன்றும்தான் அரசியல் சட்டம் கொடுத்த வேலை.

சட்டம் இயற்றுவது நமக்கு எட்டாத சங்கதி என்று நினைக்க வேண்டாம். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை இங்கே இருந்த நில உரிமை முறைகள் வேறு, கோயில் நிர்வாகம் வேறு. அதனால் இந்த மாவட்டத்துக்கென்றே தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன. 1964-ல் வந்த கன்னியாகுமரி ஸ்ரீபண்டாரவகை (பத்மநாபசுவாமி கோயிலுக்குச் சொந்தமான) நிலங்கள் சட்டம் அப்படி ஒன்று. தேவஸ்வம் கோயில்களுக்கு 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இன்றும் பழைய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டாவுக்கு அலைபவர்களைப் பார்க்கும்போது, இந்தச் சட்டங்களைப் படித்த ஒரு எம்.எல்.ஏ. எவ்வளவு பயன்படுவார் என்று புரியும்.

அப்புறம், எது யாருடைய வேலை என்ற தெளிவு வேண்டும். தெருவிளக்கு, ஓடை, குப்பை எல்லாம் உள்ளாட்சி. மாநிலச் சாலை, அரசுப் பள்ளி, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பேச்சிப்பாறைத் தண்ணீர் எல்லாம் மாநில அரசு. அங்கே எம்.எல்.ஏ. பேச வேண்டும். ரயிலும் நான்குவழிச் சாலையும் மத்திய அரசு, அங்கே எம்.பி. நம் ரயில் பாதைகள் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருப்பதால் ரயில் கோரிக்கைக்கு இன்னும் சுற்றுவழி. மேடையில் எல்லாவற்றையும் "நான் செய்து தருவேன்" என்று சொல்லும் வேட்பாளரைக் குமரி மக்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. காலையில் டீக்கடையில் பேப்பரை வரி விடாமல் படிப்பவர் முன்னால் மழுப்ப முடியாது.

தகுதி

வயது 25 நிரம்பியிருக்க வேண்டும். இந்தியக் குடிமகனாக, தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். கிள்ளியூரில் ஓட்டு உள்ளவர் குளச்சலில் நிற்கலாம். அரசு வேலையில் இருந்தால் முதலில் அதை விட வேண்டும். அரசோடு நடப்பில் ஒப்பந்தம் வைத்திருக்கும் கான்டிராக்டர்களும் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அது தகுதியிழப்பில் கொண்டுபோய் விடலாம். குற்ற வழக்கில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், விடுதலையான பிறகும் ஆறு ஆண்டு நிற்க முடியாது. இவ்வளவுதான். படிப்புத் தகுதி என்று சட்டத்தில் ஒன்றுமில்லை.

வார்டில் தொடங்குங்கள்

உள்ளாட்சித் தேர்தலுக்கு 21 வயது போதும். என் அழுத்தமான கருத்து, முடிந்தால் ஒருமுறையாவது வார்டு மெம்பராகவோ கவுன்சிலராகவோ இருந்துவிட்டு மேலே போங்கள். நாகர்கோவில் மாநகராட்சி, குளச்சல், குழித்துறை, பத்மநாபபுரம், கொல்லங்கோடு நகராட்சிகள், ஒன்பது ஊராட்சி ஒன்றியங்கள், இவை போக ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் பேரூராட்சிகள். இவ்வளவு சின்ன மாவட்டத்தில் இத்தனை பேரூராட்சிகள் இருப்பது புதியவர்களுக்கு நல்ல வாய்ப்பு. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. வீட்டில் ஆண் ஒருவர் முடிவெடுத்துப் பெண்ணைப் பெயருக்கு நிறுத்தும் பழக்கத்தைக் கைவிட்டு, பெண்களே நேரடியாக இதைப் பயிற்சிக் களமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊராட்சி மன்றத் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலரிலிருந்துதான் கட்சி. எந்தக் கட்சியிலும் இல்லாதவருக்கு முதல் வாசல் அதுதான்.

பதவி இல்லாவிட்டால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த நாட்களில் போய் உட்காருங்கள். வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். சத்தம் போடுவதைவிட இது பலிக்கும்.

ஒரு கோப்பைக் கடைசிவரை தொடருங்கள்

இந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

உங்கள் ஊரில் ஒரு சானல் (பாசனக் கால்வாய்) மேல் குறுகிய பாலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளி வேன் போக முடியவில்லை. வழக்கமாக என்ன நடக்கும்? ஒரு மனு எழுதி, பத்துப் பேர் சேர்ந்து திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர் நாளில் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். சில வாரம் கழித்து, "தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு பதில் வரும். அதோடு முடிந்துவிடும்.

நீங்கள் அங்கேதான் தொடங்க வேண்டும். சாலை யாருடையது? நெடுஞ்சாலைத் துறையா, ஒன்றியச் சாலையா, பேரூராட்சிச் சாலையா? அடியில் ஓடும் சானல் நீர்வளத்துறையுடையது. அவர்கள் தடையின்மைச் சான்று தராமல் சாலைத் துறை பாலத்தில் கை வைக்க முடியாது. கரையில் தனியார் இடம் ஒரு சென்ட் தேவைப்பட்டால் வருவாய்த் துறையும் உள்ளே வரும். சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள், கிராம நிர்வாக அலுவலகத்தில் புல வரைபடத்தைப் பாருங்கள். பிறகு உதவிப் பொறியாளரைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்கச் சொல்லுங்கள். மதிப்பீடு இல்லாத கோரிக்கை எந்த அலுவலகத்திலும் நகராது.

மதிப்பீடு போனபின் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, நிதி ஒதுக்கீடு, டெண்டர், பணி ஆணை. இதில் எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்று கோப்பு எண்ணோடு தெரிந்தவருக்கு அதிகாரிகள் பதில் சொல்லியே ஆக வேண்டும். தெரியவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இப்படி ஒரு பாலத்தையோ, ஒரு பள்ளிக் கட்டடத்தையோ, ஒரு முதியோர் ஓய்வூதியத்தையோ தொடக்கத்திலிருந்து முடிவுவரை கொண்டுபோனவருக்கு நிர்வாகத்தின் எலும்புக்கூடு முழுக்கத் தெரிந்துவிடும். ஊரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். "அவன்கிட்ட சொன்னா முடிச்சுத் தருவான் மக்கா" என்ற பெயரை எந்த ஃபிளெக்ஸ் போர்டும் வாங்கித் தராது.

மாவட்டத்தின் பெரிய வழக்குகளைப் படியுங்கள்

எல்லாவற்றிலும் நிபுணராக முடியாது. இரண்டு மூன்றை எடுத்து ஆழமாகப் போங்கள்.

விளவங்கோடு பகுதிக்கு நெய்யாறு இடதுகரைச் சானல். 2004-லிருந்து கேரளம் தண்ணீர் விடவில்லை. இது உச்ச நீதிமன்றம்வரை போன விஷயம். சட்டமன்றத்தில் இதைப் பேசுகிறவருக்கு ஒப்பந்தம் என்ன, கேரளத்தின் வாதம் என்ன, நம் பக்கம் சானலின் இன்றைய நிலை என்ன என்று மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் நாளைக்கே வந்தாலும் தூர்ந்து கிடக்கும் சானலில் எப்படி ஓடும் என்று யாராவது கேட்டால் பதில் வேண்டாமா?

கடற்கரையில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகம். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. தூர்வாருவது, அலைத் தடுப்புச் சுவரின் நீளம், தூண்டில் வளைவு (கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர்) ஆகியவற்றைப் பற்றி மீன்வளத் துறையும் மீனவர்களும் வேறு வேறு மொழியில் பேசுகிறார்கள். இரண்டு பக்கமும் புரிந்தவராக ஒரு எம்.எல்.ஏ. இருக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கி புயலையும் படியுங்கள். ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராதது ஒரு பாடம். கடலில் காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு ஆண்டு என்ற பழைய சட்ட விதி தூத்தூர் பக்கத்துக் குடும்பங்களின் தலையில் எப்படி வந்து விழுந்தது என்பது இன்னொரு பாடம். சட்டம் தெரிந்த மக்கள் பிரதிநிதி தேவைப்படும் நேரம் அதுதான்.

மலைப்பக்கம் ரப்பர். விலையும் இறக்குமதி வரியும் மத்திய அரசின் கையில். அரசு ரப்பர் கழகத் தொழிலாளர்களின் சம்பளம் மாநில அரசின் கையில். இரண்டையும் ஒரே மேடையில் கலந்து பேசினால் பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஒன்றும் கிடைக்காது. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கிய நிலங்களைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள், திருவட்டாறு, விளவங்கோடு பக்கம் வீட்டுக்கு வீடு கதை இருக்கும்.

கட்சியா, சுயேச்சையா

சுயேச்சையாக நிற்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் வெல்ல வேண்டும், வென்றபின் காரியம் நடக்க வேண்டும் என்றால் கட்சிதான் நடைமுறை வழி. தேசியக் கட்சிகளுக்கும் இடதுசாரிகளுக்கும் மற்ற மாவட்டங்களைவிட இங்கே வேர் ஆழம். தமிழ்நாட்டில் பாரதிய ஜனதாவின் முதல் எம்.எல்.ஏ. 1996-ல் பத்மநாபபுரத்தில் வென்ற சி.வேலாயுதன். விளவங்கோடும் கிள்ளியூரும் காங்கிரஸுக்குப் பல தேர்தல்களாகக் கைகொடுத்தவை. அதனால் மாநிலம் முழுக்க அடிக்கும் அலையை மட்டும் பார்த்துக் கட்சியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதன் கொள்கை அறிக்கையைப் படித்து, பத்து வருடம் தோல்வியிலும் அங்கே இருக்க மனம் வருமா என்று கேட்டுப் பாருங்கள்.

உள்ளே போனதும் பூத் வேலையைக் கேட்டு வாங்குங்கள். வாக்காளர் பட்டியலில் ஒரு பாகத்தை எடுத்து வீடு வீடாகச் சரிபார்க்க வேண்டும். பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்க 7, திருத்த 8. கேரளத்திலோ வளைகுடாவிலோ வேலை செய்பவர், கடலுக்குப் போய் வாரக்கணக்கில் வராதவர், கல்யாணமாகிப் போனவர் என்று நம் பட்டியலில் சிக்கல் அதிகம். இதைத் தெரிந்தவருக்குக் கட்சியில் மதிப்பு தானாக வரும். பிறகு தேர்தல் நேரத்தில் விருப்ப மனு, நேர்காணல், கூட்டணியில் தொகுதி யாருக்கு என்ற காத்திருப்பு. உங்கள் தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போய்விடலாம். அன்று முகம் சுளிக்காமல் அந்த வேட்பாளருக்கு வேலை செய்தவர்களைத் தலைமை நினைவில் வைத்திருக்கும்.

கட்சி மாறுவது பற்றி ஒரு வார்த்தை. வென்ற கட்சியை விட்டுத் தானாக விலகினால் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, பதவி போகும். விளவங்கோட்டில் உறுப்பினர் கட்சி மாறிப் பதவி விலகியதால்தான் 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலோடு இடைத்தேர்தலும் நடந்தது.

மதமும் சாதியும்

இதைப் பேசாமல் குமரி அரசியலை எழுதுவது நேர்மை ஆகாது. இங்கே இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் வாழ்கிறார்கள், கடற்கரையிலும் தக்கலை, திருவிதாங்கோடு பக்கமும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். புதியவரிடம் ஆலோசகர்கள் முதலில் நீட்டுவது சாதிக் கணக்குத் தாளைத்தான். அதை வைத்து வென்றவர்கள் உண்டு. 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த கலவரம் இந்தக் கணக்கு முற்றினால் எங்கே போய் முடியும் என்று காட்டியது, அன்று பிரிந்த ஊர்கள் ஒட்ட வருடங்கள் ஆயின. மதம், சாதியின் பெயரால் ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் ஊழல் நடைமுறை, வெற்றியே செல்லாமல் போகலாம். கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கும் போங்கள், கோயில் கமிட்டிக்கும் போங்கள், ஜமாஅத்துக்கும் போங்கள். மூன்று இடத்திலும் ஒரே பேச்சைப் பேசுங்கள். ஒரு இடத்தில் பேசியது செல்போனில் அடுத்த இடத்துக்கு உங்களுக்கு முன்னால் போய்விடும் என்பதற்காக அல்ல, நாளைக்கு மூவருக்கும் நீங்கள்தான் எம்.எல்.ஏ. என்பதற்காக.

மனுத் தாக்கல்

படிவம் 2-பி வேட்புமனு. படிவம் 26 பிரமாணப் பத்திரம். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். அவர்கள் அந்தத் தொகுதி வாக்காளர்களாகவே இருக்க வேண்டும். பக்கத்துத் தொகுதிச் சொந்தக்காரர் கையெழுத்தால் மனு தள்ளுபடியாகும். கட்சி வேட்பாளருக்கு, இவர் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதித் தரும் ஏ, பி படிவங்கள் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் தேர்தல் அதிகாரியிடம் சேர வேண்டும்.

படிவம் 26-ல் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். சொத்து இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள். மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்பவர்களின் சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் வரும். வழக்கு இருந்தால் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்றுமுறை விளம்பரப்படுத்த வேண்டும். மனு கொடுத்தபின் உறுதிமொழி எடுக்க மறக்கக் கூடாது. பரிசீலனை நாளில் ஒரு வக்கீலோடு நேரில் இருங்கள்.

செலவு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. மனுத் தாக்கல் நாளிலிருந்து முடிவு வரும் நாள் வரை கணக்கில் சேரும், முடிவு வந்த 30 நாளுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். சமர்ப்பிக்காதவரை மூன்று ஆண்டு தகுதியிழக்கச் செய்யலாம். ஓட்டுக்குப் பணம் கொடுக்காமல் வெல்ல முடியாது என்று உங்களிடம் சொல்பவர்கள் பலர் வருவார்கள். கொடுத்த பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டிய கட்டாயம் முதல் நாளிலிருந்தே உங்கள் கழுத்தில் இருக்கும். அந்த வழியில் போகாதீர்கள்.

வாக்குப்பதிவு அன்று ஒவ்வொரு பூத்திலும் நம்பகமான ஏஜென்ட். மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கு எழுதிய 17-சி படிவ நகலை வாங்காமல் அவர் வெளியே வரக் கூடாது. எண்ணிக்கை நாளில் அந்தத் தாள்தான் ஆதாரம்.

வென்றால்

புனித ஜார்ஜ் கோட்டையில் பதவியேற்பு. ஓமந்தூரார் தோட்டத்தில் தங்கும் விடுதி. சம்பளமும் படிகளும் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய் என்று 2017-ல் உயர்த்தினார்கள். நாகர்கோவிலிலிருந்து சென்னை எழுநூறு கிலோமீட்டர், அதனால் தொகுதி அலுவலகத்தில் நல்ல பிஏ ஒருவரை அமர்த்துவது முதல் வேலை. உறவினரை வைக்காதீர்கள். வரும் மனுவைப் பதிவேட்டில் எழுதி, துறைவாரியாகப் பிரித்து, பதில் வந்ததா என்று பார்ப்பவர் வேண்டும்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது உங்கள் கைக்கு வராது. நீங்கள் பணியைப் பரிந்துரைப்பீர்கள், கலெக்டர் அனுமதிப்பார். நிழற்குடைகளில் பெயர் பொறித்து அதைத் தீர்த்துவிடாமல் பள்ளி வகுப்பறை, ஆரம்ப சுகாதார நிலையம், சானல் படித்துறை என்று செலவழிக்கலாம்.

அவையில் முதல் ஆண்டு கேட்டுக் கற்கும் காலம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். அந்தத் துணைக் கேள்வியில்தான் உங்கள் படிப்பு தெரியும். ஒவ்வொரு துறைக்கும் நிதி கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டுப் பேசுங்கள். நேரம் குறைவு, பாதியைத் தலைவரைப் புகழ்ந்தே கழிப்பவர்கள் உண்டு. நீங்கள் தேங்காய்ப்பட்டணத்துக்கு அந்த நிமிடங்களைக் கொடுங்கள். அமைச்சர் அவையில் தந்த வாக்குறுதியை விடாமல் பிடிக்க உறுதிமொழிக் குழு இருக்கிறது, அரசு செலவைத் தணிக்கை அறிக்கையோடு ஆராயப் பொதுக் கணக்குக் குழு. இவற்றில் இடம் கேட்டு வாங்குங்கள், அங்கே கேமரா இல்லாவிட்டாலும் வேலை நடக்கிறது. 2022 தொடக்கம் முதல் கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. இப்போதே அதைப் பார்க்கத் தொடங்கலாம்.

தோற்றால்

செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் டெபாசிட் திரும்பும். செலவுக் கணக்கைத் தோற்றவரும் கொடுத்தே ஆக வேண்டும், பலர் மனம் வெறுத்து இதை விட்டுவிட்டு அடுத்த தேர்தலுக்கான தகுதியை இழக்கிறார்கள். நாகர்கோவிலில் 2021-ல் வென்ற எம்.ஆர்.காந்தி அதற்குமுன் பல தேர்தல்களில் தோற்றவர். தேர்தல் ஆணையம் பூத் வாரியாக வெளியிடும் படிவம் 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எவ்வளவு கிடைத்தது என்று பென்சிலால் குறித்து, குறைந்த ஊர்களுக்கு அடுத்த மாதமே போங்கள். ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லவும், போடாதவர்களிடம் காரணம் கேட்கவும்.